நரம்பு நிமிர்த்தி

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்குச் செய்தி வந்தது. நான் மூன்றாவது கரண்டி காப்பிப் பொடியைப் போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அக்கா சிர்க்கா அழவில்லை, வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள்: "மனுஷன் எந்திரிக்கலடா. தொட்டுப் பாத்தேன். சில்லுனு இருக்கு." அப்படியாக, எங்கள் ஏரியின் பனிமேல் நாற்பது குளிர்காலம் நின்ற ஓர் அரிய இனத்தின் ஆகப் பெரிய மாதிரி, என் மச்சான் ஒர்வோ, அறுபத்தெட்டாவது வயதில், தன் படுக்கையில், கையில் எந்தத் தூண்டிலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார்.

அந்த இனத்தின் பெயர் நரம்பு நிமிர்த்தி. அதைப் பற்றி எழுத வேண்டுமென்று எனக்கு வெகுநாள் ஆசை. எழுதாததற்கு ஒரே காரணம், எழுதினால் அவர் வாசித்திருப்பார், வாசித்தால் திருத்தியிருப்பார். இப்போது அந்தத் தடை இல்லை.

உறைந்த ஏரியைக் கரையிலிருந்து பார்த்தால் அதன் மேல் இருக்கிற எல்லோரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். தடித்த மேலங்கி, காதுவரை இழுத்துவிட்ட குல்லாய், உட்காரப் பெட்டி, காலடியில் ஒரு சாண் அகலத்தில் ஒரு துளை. கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். பெரும்பாலோர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருப்பார். கண்ணுக்குத் தெரியாத எதையோ இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்துபோவார். அவருக்குப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். பைத்தியத்துக்கு வைத்தியம் உண்டு.

நியாயமாகச் சொன்னால், அவர் தீர்க்க வந்த நோய் உண்மையானது. தூண்டிலில் நாங்கள் கட்டுகிற நைலான் நரம்பு தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. அது கைக்கடக்கமான சின்ன ரீலில் மாதக்கணக்கில் சுற்றிக் கிடக்கிறது. கிடந்த வடிவமே அதற்குப் பழகிவிடுகிறது. குளிரில் எடுத்துத் தண்ணீருக்குள் விட்டால் சுருள் சுருளாக நிற்கும். முனையில் கனமாக எதையாவது கட்டினால் அது இழுத்து நேராக்கிவிடும். எங்கள் ஏரி மீனோ கனமான எதையும் மதிக்காது. அதற்கு மோர்ரி வேண்டும். மிளகளவு உலோகத் துளி, அதில் ஒரு முள், முள்ளில் ஒரு புழு. முப்பது வருடம் மருந்துக் கடையில் தராசு பிடித்தவன் நான், நிறுத்தும் பார்த்திருக்கிறேன்: ஒரு மாத்திரையின் எடைகூட இல்லை. அந்தத் துளியால் எந்தச் சுருளை நேராக்க முடியும்? கீழே மீன் வந்து புழுவை உறிஞ்சுகிறது. மேலே தூண்டிலின் நுனி அசைய வேண்டும். அசைவதில்லை. இழுப்பையெல்லாம் சுருள் விழுங்கிவிடுகிறது. மீன் சாப்பிட்டுவிட்டு முள்ளைத் துப்பிவிட்டுப் போகிறது. நீங்கள் மேலே உட்கார்ந்து, இன்று ஏரியில் மீனே இல்லை என்று பக்கத்துத் துளைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே, நரம்பு நிமிர்த்தி சொல்வது சரி. எப்போதும் சரி. அவரைச் சகிக்க முடியாமல் போவதே அதனால்தான்.

அவருடைய சடங்குகளைக் கேளுங்கள். நரம்பு வாங்கி வந்த பெட்டிச் சுருளிலிருந்து எந்தத் திசையில் அவிழ்கிறதோ அதே திசையில்தான் ரீலில் ஏற்ற வேண்டும், மாற்றி ஏற்றினால் முறுக்கு விழும். ஏற்றுமுன் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், கொதிக்கிற தண்ணீர் என்றால் நரம்பு செத்துவிடும். ஊறியதும் ஒரு முனையைக் கரையிலிருக்கிற பிர்ச் மரத்தில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்து, முப்பது மீட்டர் பின்னால் நடந்து, வலிக்காமல் இழுத்து, நூறு எண்ணும்வரை நிற்க வேண்டும். மோர்ரிக்கு இரண்டு முழம் மேலே ஒரு சுழல் வளையம் கட்ட வேண்டும். ஏரிக்கு வரும் வழியெல்லாம் ரீலைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துச் சூடு காக்க வேண்டும். ஒர்வோ மூன்று ரீல் அப்படி வைத்திருப்பார். அக்காவை அவர் ஒருநாளும் அத்தனை பத்திரமாக நெஞ்சோடு வைத்ததாக எனக்கு நினைவில்லை.

இதெல்லாம் அவர் தூண்டிலுக்கு மட்டும் என்றால் ஊர் பொறுத்துக்கொள்ளும். ஆனால் இந்த இனத்தின் முக்கிய இலக்கணமே அடுத்தவர் துளைக்கு வருவது. சத்தமில்லாமல் வருவார். உங்கள் பின்னால் நிற்பார். பெருமூச்சு விடுவார். நீங்கள் திரும்பிப் பார்த்தால் தொலைந்தீர்கள்.

தபால் கொடுக்கிற இர்மெலி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"இர்மெலி, ஒரு நிமிஷம் அதக் குடேன்."

"எத?"

"தூண்டிலத்தான்."

"குடுத்துட்டா இங்க மீன் புடிக்கறது யாரு?"

"இப்ப மட்டும் யாரு புடிக்கறா? நரம்பப் பாரு, பன்னிவாலு மாதிரி. கீழ மீனு வந்து மூணு பந்தி சாப்ட்டு, வாயத் தொடச்சிட்டுப் போயிருக்கும். ஒனக்குச் சேதியே வந்திருக்காது."

"சாப்ட்டுப் போகட்டும். ஒம்மள மாதிரி கூப்டாம வந்து நிக்கலியே."

"அந்த பிளாஸ்க்ல என்ன, காப்பியா? சூடா இருக்கா?"

"ஒர்வோ! கைய எடும்! யோவ்!"

அதற்குள் அவளுடைய ரீல் அவளுடைய காப்பிக் குவளைக்குள் முழுகிவிட்டது. ஒர்வோ விரலால் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறியது.

"சர்க்கர போட்ருக்கியே! நரம்பு ஒட்டுமே!"

மன்னிப்புக் கேட்பார் என்றா எதிர்பார்த்தீர்கள்? இர்மெலிதான் அன்று அவரிடம் கேட்டாள், இனிமேல் சர்க்கரை போடுவதில்லை என்று சத்தியம் செய்து, தூண்டிலைத் திரும்ப வாங்குவதற்காக.

வீட்டிலும் இதே ஆட்சிதான். கஞ்சிப் பானையைத் திறந்தால் உள்ளே நாலு ரீல் ஊறிக்கொண்டிருக்கும். குளியலறை வாசலில் கழுத்தளவுக்கு நரம்பு கட்டியிருக்கும். விருந்தாளி ஒருவர் இரவில் அதில் மாட்டி மூக்குக் கண்ணாடியை இழந்தார். "நரம்புக்கு ஞாபகம் இருக்கு சிர்க்கா, நாமதான் அத மறக்க வெக்கணும்" என்று அக்காவிடம் விளக்குவார். அக்கா பதில் சொல்வாள்: "எனக்கும்தான் ஞாபகம் இருக்கு. கல்யாணமாகி நாப்பத்தொரு வருஷமாச்சு, ஒரு மீனு கொண்டாந்ததில்ல."

அது கொஞ்சம் மிகை. பழைய காலத்தில் கொண்டுவந்திருக்கிறார். ஆனால் மார்ச் மாதம் எங்கள் தூண்டில் சங்கம் நடத்துகிற மீன்பிடிப் போட்டியில் பதினோரு வருடமாக அவர் பெயருக்கு நேரே பூஜ்யம்தான். பூஜ்யம் கிராம். அந்தப் பட்டியலை ஊர்க் கடையின் வாசலில் ஒட்டுவார்கள். அடுத்த மார்ச் வரை அது அங்கேயே இருக்கும். ரொட்டி வாங்கப் போகும்போதெல்லாம் ஒர்வோ தன் பெயரைக் கடைசி வரியில் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போட்டியன்று இரவு அக்கா கலக்குக்கோ செய்வாள். ரை மாவு ரொட்டிக்குள் மீனை அடுக்கி, மூடி, விடியும்வரை அடுப்பில் விட்டுவிடுகிற எங்கள் பக்கத்துப் பண்டம். மற்ற வீடுகளில் அன்று பிடித்த அஹ்வென் மீனை அதற்குள் வைப்பார்கள். அக்கா வெள்ளிக்கிழமையே கடையில் மீன் வாங்கி வைத்துவிடுவாள். பதினோரு வருடமாகக் கடை மீன். ஒர்வோ சாப்பிடுவார். அவருடைய காது மட்டும் சிவந்திருக்கும்.

இந்த வருடம் பிப்ரவரியில், சாப்பாட்டு மேசையில், எங்கள் எல்லோர் முன்னாலும் அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சிர்க்கா, இந்தத் தடவ கடையில மீன் வாங்காத."

"அப்ப வெறும் ரொட்டியா?"

"ஒண்ணாவது கொண்டாருவேன். ஒண்ணு போதும்ல?"

 அக்காவின் நாக்குக்கு இதற்குப் பத்துப் பதில் தெரியும்.  ஆனால் போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவள் கடைக்குப் போனாள். மாவு வாங்கினாள், கொழுப்பு வாங்கினாள், மீன் வாங்கவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு எடையாளர் கௌக்கோ விசில் ஊதினார். நாலு மணி நேரம். ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் ஐந்து மீட்டராவது இடைவெளி. சத்தம் கூடாது. அறுபது பேர் ஏரிமேல் சிதறினார்கள். ஒர்வோ என் பக்கத்தில் துளை போட்டார், அடியில் இருந்த கல்மேட்டுக்கு நேர் மேலே, அருமையான இடம். போட்டுவிட்டு, பெட்டியில் உட்கார்ந்து, சட்டைக்குள்ளிருந்து முதல் ரீலை எடுத்து, ஒரு முழம் உருவி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"மச்சான், உள்ள விடு."

"இரு மாப்ள. இதுல லேசா சுருள் இருக்கு."

"ஒரு மாசமா நேராக்குனதுதானே!"

"ராத்திரி குளிர் சாஸ்தி. பழசு ஞாபகம் வந்துருச்சு அதுக்கு."

எழுந்தார். கரையைப் பார்த்து நடந்தார். பிர்ச் மரத்தில் ஒரு முனையைக் கட்டினார். அதன் பிறகு நடந்ததை என்னால் தலையைத் திருப்பாமலே சொல்ல முடியும்: பின்னடி, பின்னடி, பின்னடி, நூறு எண்ணிக்கை. பதினொரு மணிக்குத் திரும்பி வந்தார். சுழல் வளையம் பிடிக்கவில்லை, மாற்றினார். மோர்ரியைத் தண்ணீருக்குள் விட்டு, அது சுற்றுகிறதா என்று குனிந்து பார்த்தார், அரைச் சுற்று சுற்றியது, எடுத்தார். இரண்டாவது ரீல். மறுபடி மரம். இதற்குள் எனக்கு ஒன்பது மீன். அந்தப் பக்கம் இர்மெலிக்கு எத்தனையோ. அவள் எண்ணுவதில்லை, சிரிப்பதோடு சரி. பன்னிரண்டரைக்கு மூன்றாவது ரீல். ஒன்றரைக்கு, அவர் கண் இரண்டாவது ரீலுக்கே திரும்பிப் போனது.

"மச்சான், மணி ஒண்ணர."

"தெரியும்."

"அக்கா மீன் வாங்கல."

"தெரியும்டா! அதனாலதானே இவ்ளோ பாக்கறேன். மீனு கடிக்கப் போறது ஒரே ஒரு கடி. அது தெரியாமப் போச்சுன்னா?"

பார்த்தீர்களா? இதுதான் அந்த இனம். விஷயம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு அதிகமாகத் தயாராவார்கள். எவ்வளவு தயாராகிறார்களோ அவ்வளவு நேரம் போய்விடும். நேரம் போகப் போக விஷயம் இன்னும் முக்கியமாகிவிடும். இந்த வட்டத்தை எந்த மரத்தில் கட்டி நிமிர்த்துவது?

இரண்டு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது ஒர்வோவின் நரம்பு தண்ணீருக்குள் இறங்கியது. நான் என் தூண்டிலை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு சுருள் இல்லை, ஒரு நெளிவு இல்லை. அளவுகோலால் தண்ணீரில் கோடு போட்டதுபோல, கறுத்த துளைக்குள் நேராகப் போனது. மிளகளவு மோர்ரி அடியைத் தொட்டதும் நுனிக் கம்பி மெல்ல நிமிர்ந்தது. நாற்பது வருடத்தில் அப்படியொரு நேர்த்தியை எந்தத் தூண்டிலிலும் நான் பார்த்ததில்லை.

நுனி அசைந்தது.

சந்தேகமில்லாத அசைவு. ஒரு தட்டு, ஒரு நிறுத்தம், பிறகு மெதுவாகக் கீழ்நோக்கி ஒரு வளைவு. நல்ல அஹ்வென், கனமானது, புழுவை வாய்க்குள் வாங்கிக்கொண்டு போகிறது. மணிக்கட்டை ஒரு விரல்கடை தூக்கினால் போதும். பள்ளிக்கூடப் பிள்ளையும் தூக்கும். ஒர்வோ என்ன செய்தார் தெரியுமா? கையை அசைக்காமல், முகமெல்லாம் வெளிச்சமாக, என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா மாப்ள! எவ்ளோ தெளிவாத் தெரியுது பாத்தியா!"

"தூக்கு மச்சான்! தூக்கு!"

தூக்கினார். நுனி நேராக நின்றது. கீழே ஒன்றுமில்லை. புழுவும் இல்லை.

நான் சிரித்துவிட்டேன். அதையும் எழுதிவிட வேண்டும். பனியில் மண்டிபோட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் என்னோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்தார். பிறகு நிறுத்தி, புதுப் புழு மாட்டி, மறுபடி உள்ளே விட்டார். கௌக்கோ விசில் ஊதினார்.

எடை போடும் இடத்துக்குப் போகும் வழியில் என் பையைத் திறந்து அவரிடம் நீட்டினேன். யாரும் பார்க்கவில்லை.

"ஒண்ணு எடுத்துக்க மச்சான். ரெண்டு எடுத்துக்க. எங்கிட்ட பதினாலு இருக்கு."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு கணம், எடுத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன்.

"வேணாம்டா. சுருள் நரம்புல புடிச்ச மீனு."

வரிசை நகர்ந்தது. கௌக்கோ தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒர்வோ?"

"கடி இருந்துச்சு."

"எத்தன மீனு?"

"ஒரு கடி. நல்ல கடி. இவன் சாட்சி."

கௌக்கோ என்னைப் பார்த்தார், தராசைப் பார்த்தார்.

"கடிக்கு எடையில்லயே, ஒர்வோ."

பின்னால் நின்ற நாற்பது பேரும் சிரித்தார்கள். அவர்களில் எத்தனை பேருடைய நரம்பு ஒர்வோ இழுத்துக் கொடுத்தது என்று நான் எண்ணத் தொடங்கி, இருபதில் நிறுத்திக்கொண்டேன். முதல் பரிசு வாங்கிய இர்மெலியின் ரீலை அந்த வாரம் முழுக்கத் தன் கஞ்சிப் பானையில் ஊறவைத்திருந்ததும் அவர்தான். பன்னிரண்டாவது பூஜ்யம் எழுதப்பட்டது. அவருடைய காதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

 காரில் திரும்பும்போது, தேவாலயத் திருப்பம் தாண்டியதும் ஒர்வோ தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, ஒன்னோட நரம்பப் பாத்தேன். ரொம்ப மோசம்."

"அதுலதான் மச்சான் பதினாலு புடிச்சேன்."

"அதான் சொல்றேன். பதினெட்டு புடிச்சிருக்கலாம். தூண்டிலக் குடு, நேராக்கி பொதங்கெழம தரேன்."

கொடுத்தேன். வேறென்ன செய்வது? வாசலில் அக்கா மாவுக் கையோடு நின்றாள். அவர் நடையிலேயே தெரிந்துகொண்டாள். அன்று இரவு அவள் செய்த ரொட்டிக்குள் மீன் இல்லை, பன்றிக் கொழுப்பும் டர்னிப்பும்தான் இருந்தன. கடைக்கு ஓடி வாங்கியிருக்கலாம்; கடை ஆறு மணிவரை திறந்திருந்தது. ஏன் வாங்கவில்லை என்று பிற்பாடு கேட்டேன். "கடை மீனு தின்னா அவருக்குக் காது செவக்கும்" என்றாள். அவர் இரண்டு துண்டு சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்றாராம். அவர் சொன்ன புதன்கிழமைக்கு முந்தின நாள்தான் அக்காவின் தொலைபேசி வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை.

அடக்கம் முடிந்து காப்பி கொடுக்கையில் ஊரே வந்திருந்தது. நல்ல மனுஷன் என்றார்கள். உதவி செய்யும் குணம் என்றார்கள். நாற்பது வருடம் அவர் வருவதைப் பார்த்தாலே முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்கள், இனி நரம்புக்கு யாரைக் கேட்பது என்று கேக்கைக் கடித்துக்கொண்டே கவலைப்பட்டார்கள். இர்மெலி சர்க்கரைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கசப்பாகவே குடித்தாள். நான் அங்கே யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கடியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். நான்தானே சாட்சி.

இதை வாசிக்கும் நீங்கள் இந்நேரம் நிம்மதியாகப் புன்னகைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் ஊரில் ஏரி உறைவதில்லை, தூண்டிலைத் தொட்டதில்லை, இந்த இனத்துக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும் சும்மா கேட்கிறேன். மகளுக்குக் கடிதம் எழுத நல்ல பேனா வேண்டுமென்று கடை கடையாக ஏறினீர்களே, எழுதினீர்களா? வாசிப்பதற்கு வசதியான நாற்காலி வாங்கினீர்கள், விளக்கு வாங்கினீர்கள், அலமாரியில் புத்தகங்களை உயரவாரியாக அடுக்கினீர்கள். எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறீர்கள்? உடம்பு சரியில்லாத நண்பரைப் பார்க்கப் போக, பேச வேண்டியதையெல்லாம் மனசுக்குள் நாலு முறை சரிசெய்து, ஐந்தாவது முறையும் சரிசெய்துகொண்டிருக்கிறீர்களே, அவர் வீட்டு மணியை எப்போது அடிப்பதாக உத்தேசம்? உங்கள் தூண்டிலின் நுனி ஒருநாள் அசைந்திருக்கும். அப்போது நீங்கள் யார் பக்கம் திரும்பி, எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று காட்டிக்கொண்டிருந்தீர்கள்? எனக்குச் சொல்ல வேண்டாம். நானும் சொல்லப்போவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா விறகு எடுக்கச் சொன்னாள். கொட்டகையின் உள்சுவரில், ஓர் ஆணியிலிருந்து எதிர் ஆணிக்கும் அங்கிருந்து திரும்பவுமாக என் நரம்பு கட்டியிருந்தது. கடைசி முனையில், இழுவைக்கு, ஒரு பழைய கதவுத் தாழ். பக்கத்தில் பெஞ்சின்மேல் என் ரீல். நேராக்கிய பதினெட்டு மீட்டர் அதில் சுற்றி முடிந்திருக்கிறது. மீதிப் பன்னிரண்டு மீட்டர் இன்னும் சுவரில்தான் இருக்கிறது.